ஒளித்து வைப்பதிலும் ஒரு நியாயம் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் கைப்பேசி விளையாட்டுகளுக்கென ஒதுக்கப்பட்ட பக்கத்தில், 'எனிக்மாட்டிஸ்' என்னும் பொருள் தேடும் சாகச விளையாட்டின் இரண்டாம் பாகமான 'தி மிஸ்ட்ஸ் ஆஃப் ரேவன்வுட்' குறித்து நான்கே வரிகளில் ஒரு குறிப்பு வெளியாகியிருந்தது. ஓவியங்கள் அழகாக உள்ளன என்றும், கதை சுமார் என்றும், பொழுது போகாதவர்கள் ஆடிப் பார்க்கலாம் என்றும், முதல் பாகத்தை ஆடியிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்றும் அக்குறிப்பு கூறியது. அவற்றுள் முதல் கருத்தை மட்டுமே என்னால் ஏற்றுக்கொள்ள முடிகிறது. மற்ற மூன்றையும் குறித்துச் சொல்ல வேண்டியவை என்னிடம் நிறைய இருப்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். நீளம் கருதித் தாங்கள் சுருக்கினாலும் எனக்கு வருத்தமில்லை.

நான் அவிநாசியில் வசிக்கிறேன். திருப்பூரில் ஏற்றுமதிப் பனியன் நிறுவனம் ஒன்றின் செக்கிங் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை பார்த்து வருகிறேன். டியூப் லைட்டுக்குக் கீழே வெள்ளை மேசையில் ஒரு டி-சர்ட் வந்து விழுந்தால், முதலில் கழுத்துப்பட்டி, பிறகு தோள் தையல், இரண்டு கைகள், பக்கத் தையல், கீழ் மடிப்பு என்று பார்த்து முடித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி மறுபடியும் அதே வரிசையில் பார்ப்போம். ஊசி விட்ட கோடு, எண்ணெய்க் கறை, மிளகளவு ஓட்டை, தையல் விட்ட இடம், ஒரு கை மட்டும் ஷேடு, அதாவது நிறச் சாயல், மாறியிருப்பது ஆகியவற்றைக் கண்டுபிடித்து, அந்த இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி, ஆல்டருக்கு, அதாவது பிழை திருத்தும் இடத்துக்கு, அனுப்புவதுதான் எங்கள் வேலை. ஒன்றரை ஷிப்டு முடித்து இரவு எட்டரை மணிக்கு வீடு திரும்பிய பிறகும் அதே கண்களைக் கொண்டு ஒரு படத்துக்குள் பொருள் தேடுவானேன் என்று என்னுடன் வேலை பார்ப்பவர்கள் கேட்பதுண்டு. பகலில் நான் தேடுவது பிறர் செய்த பிழையை. இரவில் தேடுவது, கண்டுபிடிக்கப்பட வேண்டும் என்பதற்காகவே ஒருவர் சிரத்தையோடு வைத்துவிட்டுப் போன பொருளை. இரண்டும் ஒன்றல்ல என்பது ஆடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இவ்வகை விளையாட்டை அறியாத வாசகர்களுக்காகச் சிறிது விளக்கம் தர வேண்டியுள்ளது. வார இதழ்களில் வரும் ஆறு வித்தியாசங்கள் பகுதியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதன் நெருங்கிய உறவுதான் இது. பொருள்கள் குவிந்து கிடக்கும் ஓர் அறையின் படம் திரையில் வரும். கீழே பத்துப் பன்னிரண்டு பொருள்களின் பெயர்ப் பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றையும் கண்டுபிடித்துத் தொட்டால் அது மறையும். பட்டியல் முடிந்ததும் அவற்றுள் ஒரு பொருள் மட்டும் நம் பைக்குள் வந்து சேரும். அதை எடுத்துக்கொண்டு வேறோர் இடத்திற்குப் போய், பூட்டைத் திறக்கவோ கயிற்றை அறுக்கவோ பயன்படுத்தினால் கதை நகரும். இடையிடையே பூட்டுகள், சக்கரங்கள், ஓட்டுத் துண்டுகள் என்று சிறு புதிர்கள் வரும். அவற்றைத் தாண்டிச் செல்லவும் வழி உண்டு.

இந்த வகையைப் பெரும் வணிகமாக வளர்த்தவற்றுள் முதன்மையானது, அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து பிக் ஃபிஷ் கேம்ஸ் நிறுவனம் 2005-ஆம் ஆண்டில் தொடங்கிய 'மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ்' வரிசை. அதில் 2006-இல் வந்த 'ரேவன்ஹர்ஸ்ட்' ஒரு பழைய ஆங்கிலேய மாளிகையைப் பற்றியது. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, அறை அறையாகப் பொருள் தேடி, எம்மா என்னும் பெண்ணின் நாட்குறிப்பைச் சிறிது சிறிதாகப் படித்து, அவளுக்கு அந்த வீட்டில் நேர்ந்ததை அறிந்துகொள்ள வேண்டும். 2008-இல் அதன் தொடர்ச்சியாக 'ரிட்டர்ன் டு ரேவன்ஹர்ஸ்ட்' வந்தது. இரண்டாம் பாகம் எப்படி அமைய வேண்டும் என்பதற்கு நான் அறிந்த நல்ல எடுத்துக்காட்டு அதுவே. அதே மாளிகைக்குத்தான் நாம் திரும்பிப் போகிறோம். ஆனால் முதல் முறை நாம் காணாத சிறைப்பட்ட உயிர்கள் அங்கே இன்னும் இருக்கின்றன என்பது இம்முறை தெரிய வருகிறது. எம்மாவுக்குச் செவிலியாக வந்த பெண்ணும் அவளுடைய இரட்டை மகள்களும் அந்த வீட்டுக்குள் சிக்கியிருக்கிறார்கள். பட்டியலைத் தீர்த்துவிட்டு அடுத்த கட்டத்திற்குத் தாவுவது போய், வீட்டுக்குள் நடந்து திரிந்து, இங்கே கிடைத்ததை அங்கே கொண்டுபோய்ப் பொருத்தும் சாகச நடையும் அதில்தான் அந்த வரிசைக்கு வந்து சேர்ந்தது. வீடு பழையதுதான், கேள்வி புதியது. இந்த அளவுகோலை மனத்தில் வைத்துக்கொண்டே எனிக்மாட்டிசின் இரண்டாம் பாகத்தை நான் எடை போடுகிறேன்.

எனிக்மாட்டிசை உருவாக்கியது போலந்து நாட்டின் சைலீசியப் பகுதியைச் சேர்ந்த ஆர்டிஃபெக்ஸ் முண்டி நிறுவனம். 2006-இல் தொடங்கப்பட்டது. சைலீசியா நிலக்கரிக்கும் இரும்புக்கும் பெயர் பெற்ற பகுதி என்று என் மகள் படித்துச் சொன்னபோது எனக்கு அந்நிறுவனத்தின்மீது ஒரு தனி மதிப்பு ஏற்பட்டது. சுரங்கமும் உலையும் இருந்த மண்ணிலிருந்து இத்தனை நுணுக்கமான ஓவிய வேலை வந்திருக்கிறது என்றால், நூலும் சாயமும் மோட்டார் பம்புமாக இருக்கும் நம் கொங்குச் சீமையிலிருந்தும் ஒருநாள் வரலாம் என்ற ஆசைதான் காரணம். எனிக்மாட்டிசின் முதல் பாகம் 2011-இலும், மூன்றாம் பாகம் 2016-இலும் வெளிவந்தன. இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் நாம் பேசும் பாகம். நடுப்பிள்ளைக்குரிய சங்கடங்கள் அனைத்தும் இதற்கு உண்டு.

எங்கள் வீட்டுக்குள் இவை வந்தது 2020-இல், ஊரடங்கின்போது மகளின் இணையவழி வகுப்புக்காக வாங்கிய டேப்லெட் வழியாகத்தான். வகுப்பு முடிந்த பிறகு இரவில் நாங்கள் மூவரும், அதாவது நானும் மகளும் என் மாமியாரும், கட்டிலில் அமர்ந்து ஆடத் தொடங்கினோம். அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது. மகள் பட்டியலைப் படித்துத் தமிழில் சொல்வாள். அத்தை தேடுவார். நான் வரிசை பிடித்து, இடது மேல் மூலையிலிருந்து தொடங்கிப் பார்வையை நகர்த்துவேன்.

இரண்டாம் பாகத்தின் பெரும் பலம் அதன் துப்புப் பலகை. முதல் பாகத்திலேயே அறிமுகமானதுதான் என்றாலும், இரண்டாம் பாகத்தில்தான் அதன் முழுப் பயனை நான் உணர்ந்தேன். நாம் கண்டெடுக்கும் புகைப்படம், கிழிந்த தாள், யாரோ விட்டுச் சென்ற பொருள் ஆகியவை அந்தப் பலகையில் வந்து சேர்கின்றன. எது எதோடு தொடர்புடையது என்று நாம் பொருத்திக் காட்டினால், அதிலிருந்து ஒரு முடிவு பிறக்கிறது. சென்ற வாரம் ஆடி நிறுத்திய இடத்திலிருந்து மறுபடி தொடங்கும்போது, பலகையைத் திறந்து பார்த்தால் கதை முழுவதும் கண்முன் நிற்கிறது. ஒன்றரை ஷிப்டு வேலைக்கு நடுவே வாரத்திற்கு இரண்டு இரவுகள் மட்டுமே ஆடக்கூடிய எங்களைப் போன்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சொல்லித் தீராது. ஆனால் அதன் சிறப்பு வசதியோடு முடிந்துவிடவில்லை. இவ்வகை விளையாட்டுகள் பெரும்பாலானவற்றில் நாம் கண்டுபிடிக்கும் பன்னிரண்டு பொருள்களில் பதினொன்று குப்பை. வாத்துப் பொம்மையும் டம்பளரும் எதற்காக அங்கே கிடந்தன என்று யாரும் கேட்பதில்லை. எனிக்மாட்டிசிலும் பட்டியல் படங்களில் அப்படித்தான். ஆயினும், பலகைக்குப் போய்ச் சேரும் பொருள்களுக்கு மட்டும் ஓர் உரிமையாளர் இருக்கிறார், ஒரு காரணம் இருக்கிறது. காட்டுக்குள் நொறுங்கிக் கிடக்கும் ஒரு குடும்பத்தின் பயண வண்டியில் தொடங்குகிறது கதை. அந்த வண்டியைச் சுற்றிப் பார்க்கும்போது, அங்கிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்ற கவலையோடுதான் ஒவ்வொன்றையும் எடுக்கிறோம். அத்தை ஆட்டத்தை நிறுத்திவிட்டு, "புள்ளையக் காணோமேங்கண்ணு, மொதல்ல அதப் பாரு" என்று மகளிடம் சொன்னார். ஒரு தேடல் விளையாட்டு இதைவிட நன்றாகத் தன் வேலையைச் செய்துவிட முடியாது.

அதே பலகையில் ஒரு குறையும் இருக்கிறது. பொருத்தம் சரியாக இருந்தால் ஏற்றுக்கொள்கிறது. தவறாக இருந்தால் திருப்பித் தள்ளுகிறது. அதற்கு மேல் ஒன்றும் நடப்பதில்லை. ஆகவே, யோசிக்காமல் ஒன்றை மாற்றி ஒன்றைத் தொட்டுக்கொண்டே போனாலும் முடிவு வந்துவிடும். தவறான முடிவுக்கு நாம் போய்ச் சேர்ந்து, அதன் விளைவைச் சந்தித்துத் திரும்பி வரும் வாய்ப்பு அதில் இல்லை. துப்பறிதல் என்று பெயர் சூட்டிவிட்டு, சரி பார்க்கும் வேலையை மட்டும் நம்மிடம் விட்டிருக்கிறார்கள். என் மகள் மூன்று பொருத்தங்களைக் கதையைப் படிக்காமலேயே போட்டுக் காட்டினாள். முதல் பாகத்தில் இருந்த இக்குறையைத் தொடர்ச்சியில் களைந்திருக்கலாம். நேரமும் அனுபவமும் அவர்களுக்கு இருந்தன.

இனி, கதை. தங்கள் குறிப்பு இதைச் சுமார் என்று ஒரு சொல்லில் கடந்துவிட்டது. எனக்கு அது போதாது. எங்கே தளர்ந்தது என்று சொல்ல வேண்டும். முதல் பாகத்தில், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் உள்ள மேப்பிள் கிரீக் என்னும் சிற்றூரில், நடந்ததெல்லாம் மறந்துபோன நிலையில் விழிக்கிறார் துப்பறிவாளர். ஓர் இளம்பெண் காணாமல் போயிருக்கிறாள். ஊரில் யாரை நம்புவது என்று நமக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. நாம் எடுக்கும் ஒவ்வொரு பொருளும் அந்த ஐயத்தைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது. இரண்டாம் பாகத்திலோ, முதல் பாகத்தின் குற்றவாளி ஒரு சமயப் போதகர்தான் என்பது தொடக்கத்திலேயே தீர்ந்த செய்தி. அவர் ரேவன்வுட்டுக்குத் தப்பி வந்திருக்கிறார்; நாம் துரத்தி வந்திருக்கிறோம். 'யார்' என்ற கேள்வி போய் 'எங்கே' என்ற கேள்வி மட்டும் மிஞ்சுகிறது. துரத்தலில் விறுவிறுப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால், தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டின் உயிர் ஐயத்தில் இருக்கிறது. கையில் இருக்கும் ஒரு பொத்தான் யாருடைய சட்டையில் இருந்து விழுந்தது என்று தெரியாதவரைதான் அந்தப் பொத்தானுக்கு மதிப்பு.

இந்த இழப்பை ஈடுகட்டவே, மனிதக் குற்றத்துக்குப் பின்னால் இருக்கும் அமானுஷ்ய சக்தியைக் கதாசிரியர்கள் இரண்டாம் பாகத்தில் பெரிதாக்கியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். காக்கை இனத்துப் பறவைகளும் பழைய சாபமும் மூடுபனியுமாகக் காடு நிறைந்து வழிகிறது. எனக்கு அது முதல் பாகத்து அச்சத்தைத் தரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தும்போது வரும் நடுக்கம், சிறகு விரித்து வரும் பூதத்தைப் பார்த்தால் வருவதில்லை. அத்தையின் கருத்து வேறு. அவருக்கு இரண்டாம் பாகம்தான் பிடித்தது. காடும் மிருகமும் சாபமும் கேட்டு வளர்ந்தவர் அவர். அவருடைய அப்பாரு, அதாவது தாத்தா, சொன்ன கதைகளுக்கு அது பக்கத்தில் இருப்பதாகச் சொன்னார். இருவர் கருத்தையும் பதிவு செய்வது முறை என்பதால் இதையும் எழுதுகிறேன்.

ரேவன்ஹர்ஸ்டை இங்கே மறுபடி நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கே குற்றவாளி யாரென்று இரண்டாம் பாகத்தில் நமக்குத் தெரியும். ஆயினும் அந்த வீட்டில் இன்னும் யார் யார் இருக்கிறார்கள் என்பது தெரியாது. தொடர்ச்சி எழுதுபவர்கள் பழைய இடத்தின் அறியாத மூலையைத் திறந்தார்கள். எனிக்மாட்டிசில் பழைய ஆளைப் புதிய இடத்துக்கு அழைத்துப் போனார்கள். புதிய இடம் அழகானது என்பதில் ஐயமில்லை. கையால் வரைந்தாற்போன்ற மரங்களும், ஈரம் சொட்டும் பலகைகளும், விளக்கொளி பட்ட பனியும் பார்க்கத் திகட்டாதவை. ஆனால் அந்த இடத்தின்மீது நமக்குப் பழைய கடன் ஏதும் இல்லை.

இதனாலேயே, முதல் பாகத்தை ஆடாமல் இரண்டாம் பாகத்தை ஆடலாம் என்ற தங்கள் குறிப்பை வன்மையாக மறுக்கிறேன். ஆட முடியும் என்பது உண்மைதான், கதை புரிந்துவிடும். ஆனால் இரண்டாம் பாகம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே முதல் பாகத்தின் விடை அம்பலமாகிவிடுகிறது. அதன் பிறகு முதல் பாகத்திற்குத் திரும்புகிறவர், விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு வினாத்தாளை எழுதுகிறவரைப் போன்றவர். தங்கள் குறிப்பைப் படித்துவிட்டு இரண்டாவதை முதலில் வாங்கிய வாசகர்கள் இருந்தால், அவர்களுக்கு ஒரு நல்ல அனுபவம் கைநழுவிப் போயிருக்கும்.

அடுத்து, இவ்வகை விளையாட்டின் மையமான ஒளித்து வைக்கும் கலையைப் பற்றி. இதில்தான் என் தொழில் அறிவு சிறிது உதவும் என்று நம்புகிறேன். ஒரு பொருளை ஒளிப்பதில் நேர்மையான வழிகளும் உண்டு, நேர்மையற்ற வழிகளும் உண்டு. ஒரு கத்தியை மர வேலியின் பலகைகளுக்கு நடுவே, பலகையின் நிறத்தில், செங்குத்தாக நிறுத்தி வைத்தால் அது நேர்மையான ஒளிப்பு. முழுப் பொருளும் கண்முன் இருக்கிறது. நம் பார்வைதான் அதைப் பலகையென்று எண்ணி ஏமாந்தது. கண்டுபிடித்த நொடியில் நம்மை நாமே தட்டிக்கொள்வோம். அதே கத்தியின் முக்கால் பங்கை ஒரு பெட்டிக்குப் பின்னால் மறைத்து, நுனியை மட்டும் காட்டி, அதையும் இருட்டில் வைத்து, தகடு போல மங்கலாக்கிவிட்டால் அது நேர்மையற்றது. கிடைத்தாலும் மகிழ்ச்சி வராது, எரிச்சல்தான் வரும். எங்கள் மேசையிலும், வெளிச்சத்தில் தெரியாத பிழையைச் செக்கிங் பெண் தவறவிட்டாள் என்று யாரும் குறை சொல்வதில்லை. வெளிச்சத்தில் தெரிந்ததைத் தவறவிட்டால்தான் கேள்வி.

எனிக்மாட்டிசின் இரண்டாம் பாகத்தில் இரண்டு வகையும் கலந்து கிடக்கின்றன. நேர்மையான ஒளிப்புகளே மிகுதி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்றுக்குள் ஒன்றாகச் செய்ய வேண்டிய வேலைகளும் உண்டு. ஒரு மூடியைத் திறந்தால்தான் உள்ளே இருப்பது தெரியும், ஒரு பொருளை இன்னொன்றோடு சேர்த்தால்தான் பட்டியலில் உள்ள பெயர் உருவாகும். இது வெறும் கண்ணுக்கு மட்டுமன்றி கைக்கும் மூளைக்கும் வேலை தருவதால் வரவேற்கத்தக்கது. ஆனால், பனியும் இரவும் சேர்ந்த காட்சிகளில், படத்தின் அடிப்பகுதி கருநீல நிறத்தில் மூழ்கிக் கிடக்க, அங்கே கரும்பச்சையும் கருநீலமுமான பொருள்களை வைத்திருக்கிறார்கள் என்று நான் மிகவும் கோபத்தோடு இக்கடிதத்தின் முதல் படியில் எழுதியிருந்தேன். அப்படி நான்கு இடங்களைக் குறித்தும் வைத்திருந்தேன்.

அதன் பிறகு நடந்த ஒன்று என் கருத்தைத் திருத்தியது. அத்தைக்கு இரண்டு கண்களிலும் புரை வளர்ந்திருந்தது. கோவையில் இடது கண்ணுக்கு அறுவை முடிந்து, கட்டுப் பிரித்துச் சில வாரங்கள் ஆன பின், அந்த நான்கு காட்சிகளையும் மறுபடி திறந்து அவரிடம் கொடுத்தேன். புரை பிடித்த கண்ணுக்கு நீல நிறம் மங்கிப் பழுப்பாகத் தெரியும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு பார்த்த அத்தை, முதல் காட்சியில் கேட்ட பொருளை உடனே தொட்டார். இரண்டாவதையும் தொட்டார். பிறகு இடது கண்ணை மூடி வலது கண்ணால் பார்த்து, "இப்பக் காணமே" என்றார். என் கண்ணுக்குக்கூட அவை தெரியாமல் போனதற்குக் காரணம், மின்சாரம் மிச்சமாகட்டும் என்று நாங்கள் டேப்லெட்டின் ஒளியைப் பாதியாகக் குறைத்து வைத்திருந்ததுதான். ஷேடு பார்க்க லைட் பாக்சுக்குள் துணியை வைத்து, பகல் வெளிச்சத்தில் ஒரு நிறமும் கடை வெளிச்சத்தில் வேறு நிறமும் காட்டுகிறதா என்று தினமும் பார்க்கும் எனக்கே இது தோன்றாமல் போனது வெட்கமாக இருந்தது. ஆகவே அந்த இரண்டு இடங்களுக்கான குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுகிறேன். மற்ற இரண்டு இடங்களில், முழு ஒளியிலும் நலமான கண்ணுக்கும் அவை தெரியவில்லை. குறிப்புப் பொத்தானை அழுத்திய பிறகும், அது சுட்டிய இடத்தில் பொருள் இருக்கிறது என்று நாங்கள் நம்புவதற்குச் சிறிது நேரம் பிடித்தது. அந்தக் குறை விளையாட்டினுடையதுதான். வயதானவர்கள் பெருமளவில் ஆடும் வகை இது என்பது செய்பவர்களுக்குத் தெரியாததல்ல. திரைக்குள்ளேயே வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளும் ஒரு வசதியைத் தந்திருந்தால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது.

எடுத்த பொருளைப் பயன்படுத்தும் முறையிலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இந்த வகை முழுவதற்கும் பொதுவான குறைதான் என்றாலும், தொடர்ச்சி எடுப்பவர்கள் திருந்தியிருக்கலாம். பாடுபட்டுத் தேடி ஒரு கத்தியை எடுக்கிறோம். அதைக் கொண்டு ஒரு கயிற்றை அறுக்கிறோம். அறுத்ததும் கத்தி பையிலிருந்து மறைந்துவிடுகிறது. அடுத்த திருப்பத்தில் மற்றொரு கயிறு வருகிறது. அதற்கு வேறொரு கூரான பொருளைத் தேட வேண்டும். என் மேசையில் நூல் பிசிறு வெட்டும் சிறு கத்தரி ஒன்று இருக்கிறது. சாணை பிடித்துச் சாணை பிடித்து அலகு தேய்ந்துவிட்டது. இருந்தும் வேறொருவர் எடுத்தால் எனக்கு மனம் பொறுக்காது. கருவியோடு மனிதனுக்கு உண்டாகும் உறவு அப்படிப்பட்டது. துப்பறிவாளரின் பையில் இரண்டு மூன்று கருவிகளாவது கதை முடியும்வரை தங்கியிருந்தால், அவர் உண்மையான மனிதராக நமக்குத் தோன்றுவார். இப்போதோ, ஒரு முறை அடித்துவிட்டுச் சுத்தியலை எறிந்துவிட்டுப் போகிற ஊதாரியாகத் தெரிகிறார்.

குரல் நடிப்பைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. உயிர் போகும் நேரத்திலும் உரையாடல்கள் மெதுவாக, வாசித்துக் காட்டுவது போல ஒலிக்கின்றன.

மொழியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. இந்த விளையாட்டு ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் கிடைக்கிறது, தமிழில் இல்லை. பெரிய கதைக்குத் தமிழ் எழுத்துகள் போட்டுத் தருவது செலவு பிடிக்கும் வேலை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொருள் தேடும் விளையாட்டில் பெயர்ப் பட்டியல்தான் கதவு. அது ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் வீட்டில் பாதிப்பேர் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். மொழிபெயர்த்துச் சொன்னாலும் சிக்கல் தீர்வதில்லை. இவ்வகை விளையாட்டொன்றில் ஒருமுறை குதிரை லாடத்தைத் தேட வேண்டியிருந்தது. மகள் "லாடம்" என்று மட்டும் சொன்னாள். அத்தை காங்கேயம் பக்கத்துக்காரர். அவருடைய பிறந்த வீட்டில் உழவு மாடுகள் இருந்தன. மாட்டுக்குக் குளம்பு இரண்டாகப் பிளந்திருப்பதால், ஒரு காலுக்கு இரண்டு சிறு தகடுகளாக லாடம் அடிப்பார்கள். அத்தை அந்த அரைப்பிறைத் தகட்டைத் தேடிக்கொண்டே இருந்தார். சுவரில் வளைந்து தொங்கிய குதிரை லாடத்தை அவர் பலமுறை பார்த்தும் கடந்து போனார். "இது என்னதுங்கண்ணு, வளையமாட்டம்?" என்று அவரே அதைச் சுட்டிக் கேட்டபோதுதான் எங்களுக்கு விளங்கியது. அவர் கண்ணில் குறை இல்லை, அறிவிலும் குறை இல்லை. லாடத்தை எங்களைவிட நன்றாக அறிந்தவர் என்பதுதான் அவருக்குத் தடையாக இருந்தது. நம் ஊரிலேயே இப்படியொரு விளையாட்டைச் செய்தால், மாட்டுக்குத் தீனி போடும் கவணையும் உரலும் நூல் கோனும் ஏர்க்காலும் கிடக்கும் ஒரு பண்ணை வீட்டில், எங்கள் அத்தை எங்கள் எல்லோரையும் தோற்கடித்துவிடுவார். கோவையில் மென்பொருள் படித்த பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களில் யாரேனும் இக்கடிதத்தைப் படிக்க நேர்ந்தால் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

பொழுது போகாதவர்களுக்கான விளையாட்டு என்று தங்கள் குறிப்பு சொன்னதற்கும் ஒரு பதில் உண்டு. இன்று கைப்பேசியில் பெரிதும் ஆடப்படும் பொருள் தேடும் விளையாட்டுகள் இலவசம் என்ற பெயரில் வருகின்றன. ஜெர்மனியின் பெர்லின் நகரத்து வூகா நிறுவனம் 2017-இல் வெளியிட்ட 'ஜூன்ஸ் ஜர்னி' அவற்றுள் பெயர் பெற்றது. அதில் ஒவ்வொரு காட்சியை ஆடவும் 'ஆற்றல்' என்று ஒன்று செலவாகும். அது தீர்ந்தால் காத்திருக்க வேண்டும், அல்லது பணம் கட்ட வேண்டும். கதைக்கு முடிவென்று ஒன்று கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. பொழுதை விழுங்குவது அப்படிப்பட்ட அமைப்புதான். எனிக்மாட்டிஸ் அப்படியல்ல. முதலில் சிறிது பகுதியை ஆடிப் பார்த்துப் பிடித்திருந்தால் ஒரே முறை பணம் கட்டினோம். அதன் பிறகு அது எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. தொடக்கமும் நடுவும் முடிவும் உள்ள ஒரு கதையை, எங்கள் வேகத்தில், சில இரவுகளில் ஆடி முடித்தோம். முடிந்ததும் டேப்லெட்டை மூடி வைத்துவிட்டு உறங்கினோம். முடியத் தெரிந்த விளையாட்டு என்பது இரண்டாம் பாகத்தின் பலங்களில் ஒன்றாக எண்ணப்பட வேண்டியது. அதை மதிப்பிடுகிறவர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டால், விலை போட்டிருப்பது பேராசையாகவும் இலவசமாக வருவது தருமமாகவும் வாசகர்களுக்குத் தோன்றிவிடும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தப் பக்கத்தில் திரைப்படத்துக்கு அரைப்பக்கம் ஒதுக்குகிறீர்கள். விளையாட்டுகளுக்கு நான்கு வரிகளுக்குப் பதில் நாற்பது வரிகள் தாருங்கள். பொருள்கள் நேர்மையாக ஒளிக்கப்பட்டிருக்கின்றனவா, எழுத்து பெரியதாகத் தெரிகிறதா, ஒரு முறை பணம் கட்டினால் போதுமா, முந்தைய பாகம் இருந்தால் அதை முதலில் ஆட வேண்டுமா என்பவற்றை எழுதச் சொல்லுங்கள். எங்களைப் போன்ற குடும்பங்கள் வாங்குமுன் தெரிந்துகொள்ள விரும்புவது இவற்றைத்தான்.

மூன்றாம் பாகத்தை வாங்கி வைத்திருக்கிறோம். கதை இம்முறை இமயமலைப் பக்கம் போகிறதாம். இன்னும் திறக்கவில்லை. அத்தையின் வலது கண்ணுக்கு அறுவை அடுத்த மாதம். அதுவரை யாரும் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
அவிநாசி, திருப்பூர் மாவட்டம்